சோடா என்று ஒரு பொருள் கிடையாது

எங்கள் திருச்சுழிப் பக்கம் எந்தப் பலசரக்குக் கடையிலும் போய், "அண்ணாச்சி, சோடா கால் கிலோ குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். துணிக்கா, ஆப்பத்துக்கா என்று கேட்கிற அண்ணாச்சி நல்லவர். கேட்காமலே உள்ளே போய் ஒரு வெள்ளைப் பொடியை அள்ளி, வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பையில் பெயர் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அது அடுப்பங்கரை அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் குடியேறும். பாட்டிலிலும் பெயர் கிடையாது. நான் சண்டைக்கு வருவது அந்தப் பெயரில்லாத பையோடும், அந்தப் பாட்டிலோடும்தான்.

'சோடா' என்று ஒரு பொருள் கிடையாது. குறைந்தது நாலு பொருள் அந்த ஒரே பெயரில் நம் வீடுகளில் நடமாடுகின்றன.

ஒன்று, சமையல் சோடா. ஆப்ப சோடா, சோடா உப்பு என்பதெல்லாம் இதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சோடியம் பைகார்பனேட். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் 500 (2) என்று ரோமன் எண்ணில் போட்டிருக்கும்.

இரண்டு, சலவைச் சோடா. வாஷிங் சோடா என்று சொல்கிறோமே அது. சோடியம் கார்பனேட். இதிலேயே இரண்டு உருவம் உண்டு. கற்கண்டு போலக் கட்டியாக, கண்ணாடி மாதிரி இருந்தால் அதற்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மாவு போல இருந்தால் அது தண்ணீர் நீங்கியது. வியாபாரிகள் சோடா ஆஷ் என்பார்கள்.

மூன்று, காஸ்டிக் சோடா. தமிழில் எரிசோடா. சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்பு காய்ச்சவும், சாயப்பட்டறையிலும், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கவும் உதவுவது.

நாலாவது, கோலி சோடா. இது குடிக்கிற சோடா. பெயரில்தான் சோடா, உள்ளே இருப்பது தண்ணீரும் கரியமில வாயுவும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் சோடா உப்பைப் போட்டுத் தயாரித்ததால் வந்த பெயர், உப்பு போன பிறகும் ஒட்டிக்கொண்டது.

முதல் மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பிகள். மூன்றும் வெள்ளை, மூன்றும் காரம். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை. அமிலத்துக்கு எதிரான காரம். அதை அளக்க பி.எச். என்று ஓர் அளவு உண்டு. நல்ல தண்ணீர் 7. சமையல் சோடாக் கரைசல் 8-க்குச் சற்று மேல். சலவைச் சோடாக் கரைசல் 11-க்கு மேல். காஸ்டிக் 13, 14 வரை போகும். எட்டுக்கும் பதினொன்றுக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. மூன்று படி ஏறினால் ஆயிரம் மடங்கு. மாவில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவுக்குப் பதில் சலவைச் சோடா விழுந்தால் ஆப்பம் மஞ்சளாகிக் கசக்கும், வாய் எரியும். காஸ்டிக் விழுந்தால் ஆஸ்பத்திரிதான்.

காஸ்டிக் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். குழாய் அடைப்புக்கு வாங்கியதில் மீதியைத் தண்ணீரில் கரைத்து, குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி, கழிவறை ஓரத்தில் வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தாகத்தில் ஓடி வருகிற மூன்று வயதுப் பேரனுக்கு அது தண்ணீர் பாட்டில். ஒரு மடக்குப் போதும், உணவுக்குழாய் வெந்துவிடும். ஆறினாலும் தழும்பு சுருங்கிக் குழாய் குறுகிப்போகும். சோறு இறங்காது. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது இன்னொரு தடவை சுடும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறும் கொடுக்கக் கூடாது. வாயைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாட்டிலில் பெயர் எழுதியிருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்தது நம்மைப் போன்ற வயசாளிகளின் சங்கதி. பேரன் கதை வேண்டாம், நம் கதைக்கே வருகிறேன்.

நம்மில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஊறுகாயைத் தொடுவதில்லை, அப்பளம் பொரிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ராத்திரி நெஞ்சைக் கரித்தால் ஒரு கரண்டி சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, ஒரு ஏப்பம் விட்டு, 'அப்பாடா' என்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோடா உப்பில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். சின்ன ஸ்பூனில் தலை தட்டி எடுத்தாலும் ஐந்து கிராம் அளவுக்கு வரும். அதில் சோடியம் ஏறத்தாழ 1.3 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆக, உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு, ஒரே மடக்கில் ஒரு நாள் கோட்டாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குடித்திருக்கிறோம். கடையில் விற்கிற நுரைக்கும் வயிற்றுப் பொடிகளும் பெரும்பாலும் இதே சோடா உப்போடு எலுமிச்சைப் புளிப்பைச் சேர்த்ததுதான். உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் என்று நினைக்கிறோம். டாக்டர் பயப்படுவது சோடியத்துக்கு. அது எந்தப் பெயரில் வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

சரி, இவ்வளவு பயமுறுத்துகிறானே, சோடாவே வேண்டாம் என்கிறானா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நான் சலவைச் சோடாவின் கட்சி. நம் சீமைக்கு அதைப்போல உபகாரமான, மலிவான பொருள் வேறு இல்லை என்பேன்.

நம் கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் கிடக்கிறது. பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். இப்படிப்பட்ட பூமியில் ஊறுகிற தண்ணீரில் சுண்ணாம்பு கலந்திருக்கும். துவரம்பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது, பானையில் வெள்ளை படியும். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை குடிக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம்.

அந்த 600 இருக்கிற தண்ணீரில் ஒரு இருபது லிட்டர் வாளியை எடுத்துக்கொள்வோம். அதில் சவுக்காரத்தைத் தேய்த்தால் முதலில் அது அழுக்கை எடுக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாய்ப் பிரிந்துபோகும். சுண்ணாம்பு தீர்ந்த பிறகுதான் நுரை. அதுவரை வீணாகும் சவுக்காரம், என் கணக்கில், எழுபது கிராமுக்கு மேல். கட்டியில் பாதி போச்சு! அதே வேலையைச் செய்ய மாவுச் சோடா 13 கிராம் போதும். ஒரு பெரிய கரண்டி. சுண்ணாம்பைப் பிடித்து அடியில் தள்ளிவிடும். கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, வெதுவெதுப்பாய் இருந்தால் இன்னும் நல்லது, பிறகு சவுக்காரம் போட்டால் ஒரு தேய்ப்பிலேயே நுரை வரும்.

கட்டிச் சோடாவா, மாவுச் சோடாவா என்பதிலும் ஏமாறக் கூடாது. பளபளக்கும் கட்டியில் கிலோவுக்கு 630 கிராம் தண்ணீர். மாவுச் சோடா ஒரு கிலோ செய்கிற வேலைக்குக் கட்டி 2 கிலோ 700 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே விலை என்றால் எதை வாங்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டியைத் திறந்து வைத்தால் தண்ணீர் பறந்து மேலே மாவு பூக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அது இன்னும் சத்தாகியிருக்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சலவைப் பவுடர் போடுகிறவர்கள் தனியாகச் சோடா சேர்க்கப் பெரிதாக அவசியம் இல்லை. அந்தப் பவுடர் பாக்கெட்டிலேயே கணிசமான பங்கு சோடா ஆஷ்தான். 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் நிர்மாவைக் கலந்து சைக்கிளில் வைத்து விற்றாரே, அதற்கும் ஆதாரம் சோடா ஆஷ்தான். அதேபோல, பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது, நார் நைந்துபோகும். அருப்புக்கோட்டைக் கைத்தறிப் பருத்திச் சேலைக்குச் சரி, கல்யாணப் பட்டுக்குக் கூடாது. அலுமினியப் பாத்திரத்திலும் கூடாது, கறுத்துவிடும், அரித்துவிடும். வெறுங்கையால் அள்ளக் கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள முதலில் கையிலிருப்பது எந்தச் சோடா என்று தெரிய வேண்டும்.

இப்போது இன்னொரு கூட்டத்தோடு எனக்குச் சண்டை. 'கெமிக்கல் வேண்டாம், இயற்கையாக வாழ்வோம்' என்கிற கூட்டம். போன தீபாவளிக்கு வந்த உறவுக்காரப் பெண், "பெரியப்பா, இது கெமிக்கல் இல்லாத வாஷிங் பவுடர்" என்று ஓர் அழகான காகிதப் பையைக் காட்டினாள். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பையைத் திருப்பிப் படித்தேன். முதல் சரக்கே சோடியம் கார்பனேட். "இது நம்ம அண்ணாச்சி கடைச் சோடாதாம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. கடையில் பிளாஸ்டிக் பையில் இருந்தால் கெமிக்கல். காகிதப் பையில் இலை படம் போட்டு வந்தால் இயற்கை!

இயற்கைச் சோடாவை நம் சீமை பார்க்காததா? உவர்மண் என்று ஒன்று இருந்ததை நம் வயசுக்காரர்களாவது மறந்திருக்க மாட்டோம். கோடையில் விடியற்காலையில் ஓடைக் கரையிலும் கண்மாய் ஓரத்திலும் தரையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். துணி வெளுக்கிறவர்கள் அதைச் சுரண்டிச் சேர்த்து, கரைத்து, தெளிந்த நீரில் துணியை முக்கி, வெள்ளாவி வைப்பார்கள். பானையிலிருந்து எழும் ஆவியும் மண்ணிலுள்ள காரமும் சேர்ந்து அழுக்கையும் எண்ணெயையும் எடுத்துவிடும். அந்த மண்ணில் இருந்தது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான். சவுக்காரம் என்ற பெயரிலேயே பாருங்கள், சவரும் காரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாயவேர் கொண்டு நூலுக்குச் சிவப்பு ஏற்றியவர்களும் எண்ணெயோடு இந்தக் கார நீரைக் கலந்துதான் நூலைப் பக்குவப்படுத்தினார்கள்.

எந்த மண்ணில் காரம் அதிகம், எந்த மண்ணில் வெறும் உப்பு என்று நாக்கு நுனியில் வைத்தே பிரித்தவர்கள் அவர்கள். எந்தத் துணிக்கு எவ்வளவு, எத்தனை நாழிகை ஆவி என்று அளவு வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்து நம் ஊரின் ரசாயன நிபுணர் யார் என்றால் அவர்தான். அவரை நாம் எங்கே நிற்க வைத்தோம், ராத்திரிச் சோற்றை எப்படிப் போட்டோம் என்பதும் நமக்குத் தெரியும். அவர் கையிலிருந்த அறிவுக்கு மரியாதை கொடுத்திருந்தால், அது அவரோடு போயிருக்காது. இன்றைக்கு அதையே இலை படம் போட்டு விற்பவனுக்குக் காசைக் கொட்டுகிறோம்.

ஆலைச் சோடா எங்கிருந்து வருகிறது? பெல்ஜியம் நாட்டு எர்னஸ்ட் சால்வே 1861-இல் ஒரு வழி கண்டார். உப்பு நீர், அமோனியா, கரியமில வாயு மூன்றையும் சேர்த்தால் முதலில் சமையல் சோடா படியும். அதைச் சூடாக்கினால் சலவைச் சோடா. தாயும் பிள்ளையும் மாதிரி. நமக்குத் தெற்கே தூத்துக்குடியிலேயே அப்படிச் சோடா ஆஷ் எடுக்கும் ஆலை இருக்கிறது. நிலக்கரிக் கொதிகலனிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடாவாக்குகிறார்கள் என்று 2017-இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றி எழுதின. உவர்மண்ணில் வந்தாலும், தூத்துக்குடியில் வந்தாலும் சோடியம் கார்பனேட் ஒன்றுதான். நல்லதா கெட்டதா என்பதை அது வந்த வழி தீர்மானிப்பதில்லை. எங்கே, எவ்வளவு என்பது தீர்மானிக்கிறது.

இதற்கு நம் வயல்களைவிட நல்ல சாட்சி கிடையாது. நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல உரிமை உண்டு.

"நம்ம போர்த் தண்ணி பால் மாதிரி சார், சோப்பு போட்டா நுரை தள்ளும்" என்று சந்தோஷமாகச் சொல்லும் சம்சாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அங்கேயே வயிறு கலங்கும். சுக்கான் பூமியில், ஆழத்துத் தண்ணீரில் சோப்பு அப்படி நுரைக்கிறது என்றால், அதில் சுண்ணாம்பு குறைவு, சோடா அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும். வாளிக்கு நாம் போடும் அதே சோடாவை பூமியே போட்டு அனுப்புகிறது. ஆய்வுச் சீட்டில் இதற்கு எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று பெயர். 1.25-க்குள் இருந்தால் பயமில்லை, 2.5-க்கு மேல் போனால் பாசனத்துக்கு ஆகாது. அந்த எண் 5 என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால், 27 கிலோ சலவைச் சோடாவை அள்ளி வயலில் விதைத்ததற்குச் சமம். பத்துத் தண்ணீர் கட்டினால் 270 கிலோ! காசு கொடுத்து மின்சார மோட்டார் போட்டு, நிலத்துக்கு நாமே சோடா வைக்கிறோம்.

வாளியில் என்ன நடந்ததோ அதுதான் மண்ணிலும் நடக்கிறது. சோடா சுண்ணாம்பைப் பிடித்து ஒதுக்கிவிடுகிறது. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து. அது போய் சோடியம் உட்கார்ந்ததும் கரிசல் மண் நனைந்தால் களியாகிறது, காய்ந்தால் பாறையாகிறது. தண்ணீர் உள்ளே இறங்காது. முளைத்த பயிர் மஞ்சளடித்து நிற்கும். இதுதான் களர். மருந்தும் வாளியிலேயே இருக்கிறது: இழந்த சுண்ணாம்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஜிப்சம். மேலாகத் தூவி, வரப்புக் கட்டி, நல்ல தண்ணீர் தேக்கி, வடித்தால் சோடியம் கழுவிக்கொண்டு போகும்.

ஆனால் ஜிப்சம் களருக்கு மருந்து. வெறும் உப்புப் பூத்த உவர் நிலத்துக்கு அது மருந்தாகாது. அங்கே நல்ல தண்ணீரால் கழுவி வடிகால் வெட்டுவதுதான் வழி. நம் முன்னோர் களர், உவர் என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். நாம் இரண்டையும் சேர்த்து 'உப்புத் தரை' என்று ஒரே பெயரில் கூப்பிட்டு, பக்கத்துக் காட்டுக்காரர் போட்டார் என்று நாமும் ஜிப்சம் போட்டு, பலன் இல்லை என்று தரிசு போட்டோம். தரிசில் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டது. எத்தனையோ ஏக்கர் கரிமூட்டத்துக்குப் போனதில் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கும் பங்கு உண்டு.

'அந்தக் காலத்தில் யார் பெயர் எழுதி வைத்தார்கள், நாங்கள் எல்லாம் வளரவில்லையா?' என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த வெள்ளைப் பொடி இரண்டோ மூன்றோ. அதைக் கையாண்டவர் அதோடே வாழ்ந்தவர். இன்றைக்கு அலமாரியில் பத்துப் பொடி. அம்மா ஒரு ஊரில், மருமகள் ஒரு ஊரில், சமைக்க வருகிற பெண் வேறு ஊரில். யாருக்கும் எந்தப் பாட்டிலின் சரித்திரமும் தெரியாது. தெரிந்தவர் இல்லாத இடத்தில் எழுத்துத்தான் பேச வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் சில்லறையாகக் கொடுக்கும் பையில் பேனாவால் ஒரு வார்த்தை எழுதட்டும்: சமையல், சலவை, காஸ்டிக். காஸ்டிக்கைப் பலசரக்கோடு ஒரே தட்டில் வைக்காமல் இருக்கட்டும். எழுதாத பையை நாம் வாங்காமல் இருப்போம். நெஞ்சு கரிப்பு வாரத்துக்கு இரண்டு தடவை வந்தால், சோடா உப்பைத் தேடாமல் டாக்டரைத் தேடுவோம். போர் போட்ட சம்சாரிகள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் ஆய்வுக்குக் கொடுக்கட்டும். கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. யோசனை கேட்க நமக்கு அது பஸ் தூரம்தான். சீட்டு வந்ததும் தழைச்சத்து, மணிச்சத்தோடு நிறுத்திவிடாமல், பி.எச். எவ்வளவு, எஞ்சிய சோடியம் கார்பனேட் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதைப் படித்து முடித்ததும் அலமாரியைத் திறந்து பாருங்கள். எது என்று உங்களுக்கே சந்தேகம் வருகிற வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சமையலுக்கு என்று வைக்கவும் வேண்டாம். மற்றதில் ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் பசை, தெளிவான எழுத்தில் ஒரு பெயர். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.